குருத்தணுவை நரம்பணுவாக்குவதில் வைட்டமின் ஏ, வைட்டமின் சி: எதற்கு எது?

ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்களை நரம்பணுக்களாக வளர்த்தெடுக்கும் ஆய்வுக்கூடங்களில் மிகுதியாகப் பேசப்படும் வைட்டமின்கள் ஏ, சி ஆகிய இரண்டுமே. எது சிறந்தது என்று கேட்பவர்கள் முதலில் தங்களுக்கு வேண்டியது எந்த நரம்பணு என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஏனெனில், நரம்பணு உடலின் எந்தப் பகுதிக்குரியதாக அமையும் என்பதில் வைட்டமின் ஏ தலையிடுகிறது. வைட்டமின் சி அப்படிச் செய்வதில்லை.

வைட்டமின் ஏ நேரடியாக வேலை செய்வதில்லை. செல்லுக்குள் ரெட்டினாயிக் அமிலமாக மாறிய பின்னர் அது உட்கருவிலுள்ள ஏற்பிகளோடு பிணைந்து, மரபணுக்களை, குறிப்பாகத் தலை முதல் வால் வரையிலான உடலமைப்பை வகுக்கும் ஹாக்ஸ் மரபணுக்களை, இயக்கி வைக்கிறது. 1982இல் கனடாவின் ஒட்டாவா ஆய்வாளர்கள், எலிக் கருச் செல்களிலிருந்து எழும் புற்றுச் செல்களை இந்த அமிலத்தால் நரம்பணுக்களாக மாற்றிக் காட்டினர். 2002இல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழுவினர், கருவின் உடலமைப்பை வகுப்பதில் பங்கேற்கும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்னும் சமிக்ஞையையும் உடன் சேர்த்து, எலிக் கருக் குருத்தணுக்களிலிருந்து, தசைகளை இயக்கும் இயக்க நரம்பணுக்களைப் பெற்றனர். கோழிக் கருவின் தண்டுவடத்தில் வைக்கப்பட்ட அவை தசைகளை நோக்கி இழைகளை நீட்டின. இத்துறையில் என்னை மிகவும் வியக்கவைத்த முடிவு இதுவே.

ஆனால் அந்த ஆற்றலே அதன் எல்லையும் ஆகும். ரெட்டினாயிக் அமிலம் செல்களைப் பின்மூளை, தண்டுவடம் ஆகியவற்றின் பக்கம் இழுத்துவிடுகிறது. வளரும் கருவே தலைப்பகுதியில் இந்த அமிலத்தைச் சிதைக்கும் நொதிகளை வைத்துக்கொண்டுதான் முன்மூளையைக் காக்கிறது. ஆகவே, பார்க்கின்சன் நோய்ச் சிகிச்சைக்குத் தேவைப்படும் நடுமூளை டோபமின் நரம்பணுக்களை உருவாக்க விரும்புவோர் தொடக்கக் கட்டத்தில் இதனைச் சேர்ப்பது பொருத்தமன்று. வைட்டமின் ஏ செல்களை முதிரவும் தூண்டுகிறது. நரம்புக் குருத்தணுக்களை முதிரவிடாமல் பெருக்க வேண்டியவர்களுக்காக, செல் வளர்ப்பில் சேர்க்கப்படும் பி27 என்னும் துணைக்கலவை வைட்டமின் ஏ நீக்கப்பட்ட வடிவிலும் விற்கப்படுவது இதனால்தான்.

வைட்டமின் சி செயல்படும் விதம் வேறு. டிஎன்ஏவிலும் அதைச் சுற்றியுள்ள ஹிஸ்டோன் புரதங்களிலும் படிந்து, பல மரபணுக்களை அடக்கிவைக்கும் மெத்தில் என்னும் வேதிக் குறிகளை டெட், ஜுமோன்ஜி நொதிகள் அகற்றுகின்றன; அவை இயங்க, அவற்றிலுள்ள இரும்பு, ஆக்சிஜனேற்றம் குறைந்த நிலையில் இருந்தாக வேண்டும். அந்நிலையை வைட்டமின் சி காக்கிறது. இதனால் முதிர்ச்சிக்குரிய மரபணுக்கள் எளிதில் இயங்குகின்றன. 2000இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் ரான் மெக்கே குழுவினர் டோபமின் நரம்பணுக்களை வளர்த்தபோது, செல்களுக்கான ஊட்டத் திரவமான வளர்ப்பு ஊடகத்தில் இறுதிக் கட்டத்தில் இதைச் சேர்த்திருந்தனர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பரவலாகப் பயன்படும் டிஎம்இஎம் என்னும் வளர்ப்பு ஊடகத்தில் வைட்டமின் சி அறவே கிடையாது. எனவே அதன் பலன் என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி, வளர்ப்புத் தட்டில் நாமே ஏற்படுத்திய பற்றாக்குறை நீங்குவதுதான் என்று கருதுகிறேன்.

கையாள்வதில் இரண்டுமே சிரமம் தருபவை. ரெட்டினாயிக் அமிலம் ஒளியில் சிதையும். சுமார் 1 மைக்ரோமோலார் அளவே பெரும்பாலும் போதும். வைட்டமின் சி 200 மைக்ரோமோலார் அளவில் சேர்க்கப்பட்டாலும் விரைவில் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடுவதால், பலர் நிலைத்திருக்கும் அதன் பாஸ்பேட் வடிவை நாடுகின்றனர்.

வைட்டமின் டியும் ஃபோலிக் அமிலமும் இந்தப் போட்டியில் பின்தங்கியே நிற்கின்றன. கருவின் நரம்புக் குழாய் சரியாக மூடுவதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது என்றாலும், செல் எந்த வகை நரம்பணுவாக வேண்டும் என்பதை அது வகுப்பதாகக் கொள்ள இயலாது.

இயக்க நரம்பணு வேண்டுமெனில் தொடக்கத்தில் ரெட்டினாயிக் அமிலத்தையும், முதிரும் கட்டத்தில் வைட்டமின் சியையும் சேர்ப்பதே என் தேர்வு. டோபமின் நரம்பணுவுக்கு முன்னதை விலக்கிப் பின்னதை மட்டும் வைத்துக்கொள்வேன். தட்டில் கண்ட இப்பலனை நம்பிக் கருவுற்ற பெண்கள் வைட்டமின் ஏ மாத்திரைகளைத் தாமாகக் கூட்டி விழுங்கக் கூடாது. ரெட்டினாயிக் அமிலத்தின் மற்றொரு வடிவமான ஐசோட்ரெட்டினாயின் என்னும் முகப்பரு மருந்து, கருவின் மூளை, முகம், இதயம் ஆகியவற்றைக் குலைக்கக்கூடியது என்பது உறுதியாக அறியப்பட்டுள்ளது.