மியூசியம் ஒர்க்‌ஷாப் என்று 7,600 ரூபாய் வாங்கி ஏமாற்றினார்கள், பெற்றோர்களே கவனம்

லீவுக்குக் குழந்தைகளை ஒர்க்‌ஷாப்பில் சேர்க்க இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எழும்பூர் மியூசியத்தில் வெண்கலச் சிலைகளைக் காட்டி, அங்கேயே மெழுகுச் சிலை செய்யக் கற்றுத் தருவதாக ஒரு தனியார் குழு சமூக வலைத்தளத்தில் விளம்பரம் போட்டிருந்தது. ஒரு குழந்தைக்கு 3,800. என் மகளுக்கும் அக்கா பையனுக்குமாக 7,600 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன்.

அனுப்பும் முன் ஃபோனில் பேசினேன். எடுத்த பெண் அவ்வளவு தெளிவாக விளக்கினார். வெண்கலச் சிலை செய்யும் சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து உருவம் பிடிப்பது, மேலே காவிரி வண்டல் மண் பூசிக் காயவைப்பது, சூடுபடுத்தி மெழுகை வடித்துவிட்டு உள்ளே உலோகம் ஊற்றுவது, சிலையை எடுக்க அச்சை உடைப்பதால் ஒவ்வொன்றும் தனிச் சிலையாக இருப்பது வரை சொன்னார். "உலோகம் ஊற்றுவது ஆபத்து மேடம், பிள்ளைங்க மெழுகோட நிறுத்திக்குவாங்க. முதல்ல மியூசியத்துல இருக்கற திருவாலங்காட்டு நடராஜர் சிலையைப் பார்த்து வரைய வைப்போம்" என்றார். குழந்தைகளின் பாதுகாப்பையும் யோசிக்கிறாரே என்று அந்த இடத்தில்தான் முழுதாக நம்பினேன்.

வரச் சொன்னது வெள்ளிக்கிழமை. எழும்பூர் மியூசியத்துக்கு வார விடுமுறையே வெள்ளிதான்! பூட்டிய கேட் முன்னால் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகக் குழந்தைகள் வெயிலில் நிற்கிறார்கள். அப்புறம் ஒரு மெசேஜ்: இடம் மாறிவிட்டது, புரசைவாக்கம் வாருங்கள். போனால் ஒரு அபார்ட்மென்ட்டின் கார் பார்க்கிங். தேன்மெழுகும் இல்லை, சொல்லித்தர ஸ்தபதியும் இல்லை. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கலர் களிமண்ணையும் ஒரு ஜெராக்ஸ் படத்தையும் கையில் கொடுத்தார்கள். "நடராஜரை எப்பம்மா பார்ப்போம்?" என்று என் மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இதற்கா 7,600?

அன்று மாலையே பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "டீம்கிட்ட பேசிட்டுச் சொல்றோம்" என்றார்கள். அடுத்து, "குழந்தைங்க கலந்துக்கிட்டாங்க, ரீஃபண்ட் கிடையாது." அடுத்து, மெட்டீரியலுக்கே செலவாகிவிட்டதாம். அவர்கள் பதிவின் கீழே கேள்வி கேட்டேன், கமென்ட்டை அழித்து என்னை பிளாக் செய்துவிட்டார்கள். ஃபோனில் அத்தனை அழகாகப் பேசிய அந்தப் பெண் இப்போது ஃபோனையே எடுப்பதில்லை. பணத்தைவிட, ஆசையாக வந்த குழந்தைகளை இப்படி ஏமாற்றியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

என்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடிந்தது இதுதான். மியூசியம் பெயர் போட்டிருந்தால் மியூசியம் அலுவலகத்திலேயே கேளுங்கள். தனி நபர் நம்பருக்கு முழுப் பணமும் அனுப்பாதீர்கள். ரசீது இல்லாமல் கட்டவே கட்டாதீர்கள். நான் நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனால் சைபர் குற்றத்துக்கு 1930. அன்று அந்த கேட் முன்னால் நின்ற மற்ற பெற்றோர் யாராவது இதைப் படித்தால், விளம்பரம், சாட், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காமல் எனக்கு மெசேஜ் செய்யுங்கள்.