கபிரா விரிகுடாவில் நீந்தலாம் என்று யாராவது டிக்கெட் விற்றால் வாங்காதீர்கள்

ஜப்பானின் இஷிகாகி தீவுக்குப் போகத் திட்டமிட்டிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மார்ச் கடைசியில் நானும் மனைவியும் பதினொரு வயது மகளும் போய் 54,000 யென்னைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். பணம் போனதைக் காட்டிலும், மகளை எந்தக் கடலில் இறக்கிவிடப் பார்த்தார்கள் என்பதை நினைத்தால்தான் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

இணையத்தில் சுற்றுலா விற்கும் ஓர் ஏற்பாட்டாளர். அந்தத் தீவின் கபிரா விரிகுடாவில் எங்களுக்கு மட்டுமான படகு, ஸ்நார்க்கெல் என்ற மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு நீச்சல், ஹோட்டலிலிருந்து அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது எல்லாம் சேர்த்துத் தலைக்கு 18,000 யென். விளம்பரப் படத்தில் பச்சையும் நீலமுமாக நீர், அதற்குள் சிறகு விரித்த மாண்டா திருக்கை. முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

ஒன்பது மணிக்கு வர வேண்டிய வண்டி பத்தரைக்குப் பிறகுதான் வந்தது. நம்பர் பிளேட் வெள்ளை. ஜப்பானில் கூலிக்கு ஆள் ஏற்றும் வேன்களுக்குப் பச்சை பிளேட் இருக்க வேண்டும், வெள்ளை சொந்த உபயோக வண்டிக்கானது. எனக்கு இது தெரியும். மகள் அவ்வளவு நேரம் வாசலிலேயே காத்து நின்றதால், ஒன்றும் கேட்காமல் ஏறிவிட்டேன். அங்கேயே திரும்பியிருக்க வேண்டும்.

கபிராவில் இறங்கியபோது நீர் வற்றிக் கிடந்தது. அந்த விரிகுடாவின் அழகெல்லாம் வெள்ளை மணலின் மேல் நிற்கும் நீரின் ஆழத்தில்தான் இருக்கிறது. கடல் ஏறி வெயிலும் அடித்தால் ஒரே நீரில் ஏழெட்டு நிறம் தெரியும். வற்றத்தில் மணல் திட்டுகள் மேலே வந்து, படகுகள் சேற்று நிற நீரில் நிற்கின்றன. இஷிகாகியின் ஏற்ற வற்ற நேரங்களை ஜப்பான் வானிலை முகமை முன்கூட்டியே வெளியிட்டுவிடுகிறது. பார்த்துச் சொல்ல அவர்களுக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

கரைக்கு நடந்தோம். அங்கே நின்ற அறிவிப்புப் பலகையில் 'நீந்தத் தடை' என்று எழுதியிருந்தது. நீரோட்டம் வலுவானது, படகுகள் ஓயாமல் போய்வருகின்றன, கறுப்பு முத்து வளர்ப்பும் அங்கேதான் நடக்கிறது. அதனால் அந்த விரிகுடாவில் யாரையும் நீந்த விடுவதில்லை. அப்படியானால் எங்களுக்கு விற்றது என்ன என்று கேட்டேன். ஓட்டுநர் பதில் சொல்லாமல் டிக்கெட் சாளரத்துக்குப் போய், அடியில் கண்ணாடி பதித்த பொதுப் படகுக்கு மூன்று டிக்கெட் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். ஆயிரத்துச் சில நூறு யென் விலை, சாளரத்தில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறது. எங்களுடைய தனிப்படகு அதுதான். விளம்பரத்தில் காட்டிய மாண்டாவும் விரிகுடாவுக்குள் வருவதில்லை. அதைப் பார்க்கப் போகிறவர்கள் வெளியே கபிரா இஷிஸாகி என்ற இடத்துக்கு அருகே முக்குளிக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் கோடையிலும் இலையுதிர் காலத்திலும்.

நீச்சலுக்கு என்ன செய்வது என்றதற்கு, யோனெஹாரா கடற்கரையில் இறக்கிவிடுகிறேன், இரண்டு மணி நேரம் கழித்து வந்து அழைத்துக்கொள்கிறேன் என்றார். வழிகாட்டி கிடையாது. மிதவை உடுப்பும் மகளின் அளவுக்கு இல்லை. யோனெஹாரா அழகான இடம்தான். கரையிலிருந்து சற்றுத் தூரத்திலேயே பவளம் தொடங்கிவிடுகிறது. ஆனால் பவளத் திட்டுக்குள் தேங்கிய நீர், வற்றும்போது திட்டின் இடைவெளிகள் வழியாக வெளிக்கடலுக்குப் பாயும். அந்த ஓட்டத்தில் சிக்கி அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. இடம் தெரிந்த ஆள் கூட இல்லாமல் ஒரு குழந்தையை அதில் விடச் சொல்கிறவரை என்னவென்று சொல்வது? மறுத்துவிட்டேன். வண்டியிலும் ஏறவில்லை.

அன்று மாலையே பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். "மாற்று ஏற்பாடு தர முன்வந்தோம், நீங்கள் ஏற்கவில்லை, ஆகவே பணம் திரும்பாது" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சுற்றுலா நிறுவனமாகப் பதிவு செய்த எண் என்ன என்று கேட்டதற்கு இதுவரை பதிலே இல்லை. ஜப்பானில் பயணம் ஏற்பாடு செய்து விற்கிறவர்களுக்கு அந்தப் பதிவு கட்டாயம். நீங்கள் பணம் கட்டுவதற்கு முன் அந்த எண்ணைக் கேளுங்கள்.

மறுநாள் நீர் ஏறும் நேரம் பார்த்து, பஸ் நிலையத்திலிருந்து நாங்களே பஸ்ஸில் போனோம். சுமார் 40 நிமிடப் பயணம். பஸ்கள் குறைவு, திரும்பும் நேரத்தையும் குறித்துக்கொண்டு போங்கள். சாளரத்தில் டிக்கெட் எடுத்துப் படகில் ஏறினோம். கண்ணாடிக்குக் கீழே ராட்சதச் சிப்பியைப் பார்த்து மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். படகோட்டி அவளுக்காகவே ஓரிடத்தில் கொஞ்சம் கூடுதலாக நிறுத்திக் காட்டினார். அந்தப் பெரியவருக்கு என் நன்றி.

ஜப்பானில் நுகர்வோர் புகாருக்கு 188 என்ற எண் இருக்கிறது. அங்கே சொல்லிவிட்டேன். கிரெடிட் கார்டு கொடுத்த வங்கிக்கும் விளம்பரத்தின் நகல், அறிவிப்புப் பலகையின் படம், வண்டியின் நம்பர் பிளேட் படம் மூன்றையும் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இதன் கீழேயே எழுதுகிறேன்.