அமெரிக்கக் கால்பந்தில் (NFL), எதிரணியை மறிக்கும் வரிசையில் ஆடியவர்களில் யார் பெரியவர்: ஜோ தாமஸா, ஜேசன் கெல்சியா?

தாமஸ் 2007 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 3-வது தேர்வு, இடது டேக்கிள், அதாவது மறிக்கும் வரிசையின் இடது ஓரத்து ஆள். கிளீவ்லாந்து பிரவுன்ஸுக்காகத் தொடர்ந்து 10,363 ஸ்னாப் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்னாப்), ஒன்றைக்கூட விடாமல் ஆடினார், 2017-ல் கையில் டிரைசெப்ஸ் தசை கிழிந்த பிறகுதான் உட்கார்ந்தார், ஆனால் அத்தனை வருடத்தில் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட வாய்க்கவில்லை, நினைத்தால் இன்னமும் மனசு ஆறவில்லை.

கெல்சி 2011 டிராஃப்டில் 191-வதாக வந்தவர். வரிசையின் நடுவில் நிற்கும் சென்டருக்கு உடம்பு போதாது என்றார்கள். வேகத்தாலும் எதிரணியைப் படிக்கும் திறமையாலும் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸில் 13 சீசன் நின்றார், NFL-இன் இறுதிக் கோப்பையான சூப்பர் பவுலும் வென்றார்.

சரி, யார் பெரியவர்? கோப்பை என்றால் கெல்சிதான். ஆனால் சென்டருக்கு இரண்டு பக்கமும் கார்டு எனும் மறிப்பு வீரர் துணை உண்டு, இடது டேக்கிளோ வரிசையின் ஓரத்தில் பெரும்பாலும் தனியாக, எதிரணியின் வேகமான ஆளை மறிக்க வேண்டும். அதைப் பத்து வருடம் செய்த தாமஸுக்கே என் ஓட்டு.