காதடிக் கட்டிக்கு சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

காது மடலுக்குக் கீழே, தாடை எலும்பின் மூலையை ஒட்டி, வலியில்லாத ஒரு உருண்டை. மாதக்கணக்கில் மெல்ல வளர்கிறது. பெரும்பாலும் இது பரோடிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்த கட்டி. எந்த ஸ்கேன் எழுதுவது என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. சி.டி. பக்கத்திலேயே கிடைக்கிறது, செலவு குறைவு, சில நொடிகளில் முடிந்துவிடும். அதனால் கை தானாக அதையே எழுதிவிடுகிறது.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டி என்ற சந்தேகம் இருந்தால் முதலில் அல்ட்ராசவுண்ட், அடுத்தது எம்.ஆர்.ஐ. சி.டி. வெல்லும் இடங்களும் உண்டு. ஆனால் அறுவைச் சிகிச்சை மருத்துவருக்கு மிக முக்கியமான ஒரு கேள்விக்கு அதனால் நேரத்தோடு பதில் சொல்ல முடியாது.

அல்ட்ராசவுண்ட் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மேலோட்டமாக இருக்கும் கட்டியை உயர் அதிர்வெண் புரோப் மிக அழகாகக் காட்டும். மெல்லிய ஊசியால் கட்டியின் அணுக்களை உறிஞ்சிச் சோதிக்கும் எஃப்.என்.ஏ.சி.யில் ஊசியை வழிநடத்தவும் அதுதான் துணை. தாடை எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சுரப்பியின் உட்பகுதியை, அதாவது ஆழ்மடலைப் பார்க்க முடியாது என்பதே அதன் எல்லை.

எந்தச் சுரப்பி என்பதைப் பொறுத்துக் கவலையின் அளவு மாறும். உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் பரோடிட்டில் வருபவை. அவற்றிலும் ஏறத்தாழ 80 சதவீதம் புற்றுநோய் அல்லாதவை. தாடைக்கீழ்ச் சுரப்பியில் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. நாக்கடிச் சுரப்பியில் கட்டி வந்தால் பெரும்பாலும் புற்றுநோய்தான். சுரப்பி சிறிதாகச் சிறிதாகச் சந்தேகம் பெரிதாக வேண்டும்.

சி.டி.க்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடுவோம். சாப்பிடும்போது மட்டும் வீங்கி வலித்தால் அது கட்டியைவிட உமிழ்நீர்க் குழாயில் அடைத்த கல்லாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கல்லைக் காட்டுவதில் சி.டி.யை மிஞ்ச ஆளில்லை. காண்ட்ராஸ்ட் (ரத்தத்தில் ஏற்றிப் படத்தை எடுப்பாக்கும் மருந்து) போடாத படம் ஒன்றையும் எடுக்க வேண்டும். போட்ட பிறகு, குறுக்கே வெட்டுப்பட்ட சிறு ரத்தக்குழாயே கல் போல வெள்ளையாகத் தெரிந்து ஏமாற்றும். காய்ச்சலோடு வந்த சீழ்க்கட்டி, தாடை எலும்பின் வெளி ஓடான புறணி அரிக்கப்பட்டிருக்கிறதா என்ற கேள்வி, நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்ற தேடல் ஆகியவையும் சி.டி.யின் களம்தான். அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்ற உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய் நுரையீரலை நாடிப் போகும் குணமுள்ளது; அதற்கு மார்பு சி.டி. கட்டாயம்.

கட்டி ஆழ்மடலுக்குள் போயிருக்கிறதா என்பதிலும் சி.டி. சளைத்ததல்ல. முகத்தசைகளை இயக்கும் முக நரம்பைச் சுரப்பிக்குள் அது காட்டாது. நரம்பு, தாடைக்குப் பின்னால் இறங்கும் ரெட்ரோமாண்டிபுலர் சிரைக்குச் சற்று வெளிப்புறமாக ஓடுவதால், அந்தச் சிரையை எல்லைக்கோடாக வைத்து மேல்மடல், ஆழ்மடல் எனப் பிரிப்பது வழக்கம். பெரிய கட்டி சிரையையே தள்ளிவிட்டால் கணக்கு தப்பும். தொண்டைப் பக்கம் நீண்ட கட்டி, தொண்டையின் பக்கவாட்டிலுள்ள பாராஃபாரிஞ்சியல் கொழுப்பை நடுக்கோட்டை நோக்கித் தள்ளியிருந்தால் அது பரோடிட்டிலிருந்து வந்தது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

சி.டி.தான் என்று முடிவானால் அதையாவது ஒழுங்காக எடுக்க வேண்டும். கட்டிக்குக் காண்ட்ராஸ்ட் இல்லாத சி.டி. மட்டும் எடுப்பது பணத்துக்கும் கேடு, ஏற்ற கதிர்வீச்சும் வீண். வயதானவர்களின் பரோடிட்டில் கொழுப்பு நிறைய இருப்பதால் கட்டி எடுப்பாகத் தெரியும். இளைஞர்களிடமும் குழந்தைகளிடமும் சுரப்பி அடர்த்தியாக இருப்பதால் கட்டி அதோடு கலந்து மறைந்துவிடும். பெரியவருக்கு 70 முதல் 100 மில்லி அயோடின் காண்ட்ராஸ்ட், மண்டையோட்டின் அடிப்பகுதியிலிருந்து கழுத்தின் அடிவரை, 2 முதல் 3 மி.மீ. துண்டுகள், எலும்புக்கென்று தனியாக 1 மி.மீ. அளவில் மறுஉருவாக்கம். இரண்டு நேரங்களில் எடுத்தால் கூடுதல் தகவல் கிடைக்கும். ஊசி போட்ட 30 நொடியில் பளிச்சென்று ஏறி, 120 நொடியில் இறங்கிவிட்டால் வார்தின் என்ற சாதுவான (புற்றுநோய் அல்லாத) கட்டிக்கு வாய்ப்பு அதிகம். புகைப்பவர், சுரப்பியின் கீழ்முனையான வால்பகுதி, இருபக்கமும் கட்டி என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். மெதுவாக ஏறி 120 நொடியில் கூடுதலாக ஒளிர்வது பிளியோமார்ஃபிக் அடினோமா என்ற மற்றொரு சாதுவான கட்டியின் போக்கு. ஆனால் இரண்டு முறை எடுத்தால் கதிர்வீச்சும் அதற்கேற்பக் கூடும். இளம் வயதினருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பல்லில் அடைத்த உலோகம் இன்னொரு தலைவலி. அதிலிருந்து கிளம்பும் கோடுகள் சரியாகப் பரோடிட் மட்டத்தில்தான் குறுக்கே ஓடும். வாயைத் திறந்தோ முகவாயை உயர்த்தியோ அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எடுத்தால் கோடுகள் வேறு மட்டத்துக்குப் போய்விடும். இதைக் கேட்டு வாங்க வேண்டும். தானாக யாரும் செய்துதர மாட்டார்கள்.

இனி எம்.ஆர்.ஐ. பரோடிட்டுக்கு இதில் மிக மதிப்புள்ள படம், பலர் அலட்சியப்படுத்தும் சாதாரண டி1 படம்: காண்ட்ராஸ்ட் இல்லாமல், கொழுப்பின் ஒளியை அடக்காமல் எடுப்பது. சுரப்பியின் கொழுப்பு வெள்ளையாகவும் கட்டி கறுப்பாகவும் இருப்பதால் ஓரம் துல்லியமாகத் தெரியும். எல்லாப் படத்தையும் கொழுப்பை அடக்கியே எடுத்துவிட்டால் இந்த ஆதாயம் போய்விடும். நீரை வெள்ளையாகக் காட்டும் டி2 படத்தில் கட்டியும் நீர் போல ஒளிர்ந்தால் பெரும்பாலும் பிளியோமார்ஃபிக் அடினோமா. மங்கலாக இருந்தால் தீவிரமான புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும். வார்தினும் மங்கலாகத் தெரியலாம் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. திசுவில் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு எளிதாக நகர்கின்றன என்று பார்க்கும் டிஃப்யூஷன் படத்தில், அந்த அளவான ஏ.டி.சி. மதிப்பு பிளியோமார்ஃபிக்கில் உயர்வு, வார்தினில் தாழ்வு. புற்றுநோய்கள் இடையில் விழுந்து இருபக்கமும் கசியும். வீரியம் குறைந்த மியூகோஎபிடெர்மாய்டு புற்றுநோய் மிருதுவான ஓரத்தோடு, சாதுவான கட்டி போலவே எல்லா ஸ்கேனையும் ஏமாற்றக்கூடியது. அந்த இடத்தில் ஊசிப் பரிசோதனைதான் துணை.

என் தேர்வைத் தீர்மானிப்பது இவை எதுவும் அல்ல. நரம்பு வழிப் பரவல்தான்.

உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்களில் சில, அடினாய்டு சிஸ்டிக் முக்கியமாக, நரம்பைப் பிடித்துக்கொண்டு மண்டையோட்டுக்குள் ஏறும். பரோடிட்டிலிருந்து இரண்டு பாதைகள். ஒன்று முக நரம்பு வழியாக, அது மண்டையோட்டிலிருந்து வெளிவரும் ஸ்டைலோமாஸ்டாய்ட் துளைக்குள். மற்றொன்றைப் பலர் மறந்துவிடுவார்கள்: ஆரிகுலோடெம்பொரல் நரம்பு வழியாகத் தாடையின் பின்புறம் சுற்றி, முகத்தின் உணர்வைச் சுமக்கும் முக்கிளை நரம்பின் மூன்றாம் கிளையைப் பிடித்து, மண்டையோட்டின் அடியிலுள்ள ஃபொராமென் ஓவலே துளை வழியாக, அந்த நரம்பின் முடிச்சு இருக்கும் மெக்கெல் குகை வரை. அண்ணத்துச் சிறு சுரப்பிகளில் தொடங்கினால் மேல்தாடைக்குப் பின்னாலுள்ள டெரிகோபாலடைன் பள்ளம் வழியாக, மூளைக்கு அடியிலுள்ள சிரைக்குழியான கேவர்னஸ் சைனஸுக்குப் போகலாம்.

இதில் சி.டி. காட்டுவது குழாயை, உள்ளே ஓடும் கம்பியை அல்ல. எலும்புத் துளை அகன்றால்தான் அதற்குத் தெரியும். துளை அகல்வது கட்டி அங்கே நெடுநாள் குடியிருந்த பிறகு. எம்.ஆர்.ஐ.யில் ஸ்டைலோமாஸ்டாய்ட் துளைக்குக் கீழே டி1 படத்தில் ஒரு சின்னக் கொழுப்பு முக்கோணம் வெள்ளையாக இருக்கும். ஒரு பக்கம் அது இருந்து மறுபக்கம் அழிந்திருந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. எம்.ஆர்.ஐ.க்கான காண்ட்ராஸ்ட் மருந்தான காடோலினியம் கொடுத்து, கொழுப்பை அடக்கி எடுத்த படத்தில் நரம்பு தடித்து ஒளிர்வது அடுத்த சான்று.

இதிலும் பொறிகள் உண்டு. காதெலும்புக்குள் ஓடும் முக நரம்பின் சில பகுதிகள் இயல்பாகவே சற்று ஒளிரும். ஃபொராமென் ஓவலேயில் நரம்பைச் சுற்றியுள்ள சிரைப்பின்னலும் ஒளிரும். எப்போதும் இரு பக்கத்தையும் ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். பரவல் இடைவெளி விட்டுத் தாவியும் போகலாம். ஓரிடத்தில் நரம்பு சுத்தமாக இருந்தால் மேலே தப்பித்தது என்று பொருளில்லை. நுண்ணோக்கி அளவிலான பரவலை எம்.ஆர்.ஐ.யும் காட்டாது.

சி.டி. மட்டுமே கையில் இருந்தால் மெல்லும் தசைகளைப் பாருங்கள். ஒரு பக்கத் தசைகள் மட்டும் சுருங்கிக் கொழுப்பாகியிருந்தால், அவற்றை இயக்கும் மூன்றாம் கிளை அடிபட்டிருக்கிறது என்ற தடயம் அது. டெரிகோபாலடைன் பள்ளத்தின் கொழுப்பு மறைந்திருப்பதும் அப்படியே.

இந்த ஒரு விவரத்துக்காக இத்தனை மெனக்கெடுவது ஏன்? முக நரம்பைக் காப்பாற்ற முடியுமா, வெட்டத்தான் வேண்டுமா, காதெலும்பைக் குடைய வேண்டுமா, கதிரியக்கச் சிகிச்சை மண்டையோட்டின் அடிவரை போக வேண்டுமா என்பதெல்லாம் இதைப் பொறுத்தே அமைகின்றன. நோயாளியின் "முகம் கோணுமா டாக்டர்?" என்ற கேள்விக்கு அறுவைக்கு முன்பே நேர்மையாகப் பதில் சொல்லவும் இது வேண்டும்.

எம்.ஆர்.ஐ.க்கு அரைமணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும், விழுங்கினாலே படம் கலங்கும். மூடிய இடத்தில் பயம், சில பேஸ்மேக்கர்கள், காக்ளியர் இம்ப்ளாண்ட் போன்றவை இருந்தால் சி.டி.யே வழி. இரண்டு வித எக்ஸ்ரே ஆற்றலில் எடுக்கும் இரட்டை ஆற்றல் சி.டி. பற்றிய நம்பிக்கையூட்டும் செய்திகள் வருகின்றன. அவை பெரும்பாலும் சிறு ஆய்வுகள் என்பதால் இப்போதைக்கு அதை வைத்து என் முடிவை மாற்றமாட்டேன். கதிரியக்கச் சர்க்கரையை ஏற்றி எடுக்கும் பெட் சி.டி.யை இந்தப் போட்டியில் சேர்க்கவே இல்லை: சாதுவான வார்தினே அதில் தகதகவென ஒளிர்ந்து வீண் பீதி கிளப்பும்.

முறை எதுவானாலும் முடிந்தவரை ஊசி குத்தும் முன் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். குத்திய பின் கசியும் ரத்தம் படத்தைக் குழப்பும். வெளியிலிருந்து கீறிச் சதை எடுப்பது வேண்டவே வேண்டாம். பிளியோமார்ஃபிக் அடினோமாவின் உறை கிழிந்தால் அணுக்கள் சிந்தி, பல வருடம் கழித்துப் பல முடிச்சுகளாகத் திரும்பும்.

ஸ்கேன் சீட்டில் "கழுத்துக் கட்டி" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எந்தப் பக்கம், எந்தச் சுரப்பி, முகத்தில் தளர்ச்சியோ மரத்துப்போதலோ உண்டா, முன்பு அறுவை நடந்ததா என்று எழுதுங்கள். கூடவே "மண்டையோட்டின் அடிப்பகுதி, மெக்கெல் குகை, கேவர்னஸ் சைனஸ் உட்பட" என்று ஒரு வரி. அது இல்லாவிட்டால் படம் பரோடிட்டோடு நின்றுவிடும். நரம்பு வழியே நோய் ஏறிப்போன இடம் சட்டகத்துக்கு வெளியே இருக்கும்.