பூச்சிப் படம் எடுக்கத் தொடங்குவோருக்கு ரேனாக்ஸ் டி.சி.ஆர்.-250

பூச்சிகளை நெருங்கிப் படம் எடுக்கும் ஆசை வந்தவுடன் பெரும்பாலோர் தனி மேக்ரோ லென்ஸின் விலையை விசாரிக்கிறார்கள். விசாரித்ததும் ஆசையை ஒத்திப்போட்டு விடுகிறார்கள். 55-250 அல்லது 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ் ஏற்கெனவே கையில் இருந்தால் அப்படி ஒத்திப்போட வேண்டியதில்லை. அந்த லென்ஸின் முன்னால் கவ்விப் பொருத்தும் ரேனாக்ஸ் டி.சி.ஆர்.-250 என்ற சிறு துணை லென்ஸ், மேக்ரோ லென்ஸின் விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கிறது. பழகுபவருக்கு முதலில் வாங்க வேண்டிய கருவி இதுதான் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

இது ஜப்பானியத் தயாரிப்பு. மூன்று கண்ணாடி வில்லைகளை இரண்டு தொகுதிகளாக அடுக்கிச் செய்த, 8 டயாப்டர் (லென்ஸ் ஒளியை வளைக்கும் வலிமையின் அலகு) ஆற்றல் கொண்ட லென்ஸ். ஒற்றை வில்லையால் ஆன மலிவான குளோஸ்-அப் ஃபில்டர்களில் பூச்சியின் விளிம்பைச் சுற்றி ஊதாவும் பச்சையுமாக நிறம் கசிவதைப் பார்த்தவர்கள், இந்த மூன்று வில்லைகள் எதற்காக என்பதைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த உடனேயே புரிந்துகொள்வார்கள்.

8 டயாப்டர் என்றால் குவியத் தூரம் 125 மி.மீ. இந்த ஓர் எண்ணைத் தெரிந்துகொண்டால் கருவியின் செயல்பாடு முழுவதும் விளங்கிவிடும். உங்கள் ஜூம் லென்ஸை முடிவிலி ஃபோகஸில், அதாவது மிகத் தொலைவைத் தெளிவாகக் காட்டும் நிலையில் வைத்துவிட்டு, அதன் குவியத் தூரத்தை 125-ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் உருப்பெருக்கம். 125 மி.மீ.-இல் 1 மடங்கு; அதாவது பூச்சியின் உரு அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும், வழக்கமான மேக்ரோ லென்ஸ் தரும் அளவு. 250 மி.மீ.-இல் 2 மடங்கு, அப்போது ஏ.பி.எஸ்.-சி எனப்படும் நடுத்தர அளவு சென்சார் கொண்ட கேமராவின் சட்டகம் முழுவதிலும் அடங்குவது ஏறத்தாழ 11 மி.மீ. அகலமே. மாமரத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு எறும்பின் பெரிய வேலைக்காரி ஒன்று அந்தச் சட்டகத்தை அநேகமாக நிறைத்துவிடும். ஜூமை எங்கே வைத்தாலும் பூச்சிக்கும் லென்ஸுக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 12 செ.மீ. என்ற அளவிலேயே நிற்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பண்பு. முதலில் 100 மி.மீ.-இல் பூச்சியைத் தேடிப் பிடித்து, உடலை அசைக்காமல் ஜூமை மட்டும் திருகி நெருங்கலாம். சட்டகத்துக்குள் பூச்சியைக் கண்டுபிடிக்கவே திணறும் புதியவருக்கு இது பெரிய உதவி.

இதே விலைக்குள் கிடைக்கும் மற்ற வழிகள் இரண்டு. கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையில் மாட்டும் வெற்றுக் குழாயான எக்ஸ்டென்ஷன் ட்யூப் 50 மி.மீ. லென்ஸுடன் நன்றாக வேலை செய்யும். நீளமான ஜூமில் அதன் பலன் குறைவு, ஒளியும் குறையும். லென்ஸைத் திருப்பி மாட்டும் ரிவர்ஸ் வளையம் மிக மலிவு, ஆனால் பெரும்பாலான இன்றைய லென்ஸ்களில் அபெர்ச்சரை (ஒளி புகும் துளையின் அளவை) கேமராவிலிருந்து மாற்ற முடியாமல் போகும். ரேனாக்ஸில் அந்தத் தொல்லை இல்லை. வெயிலில் நின்றுகொண்டு லென்ஸைக் கழற்ற வேண்டியதும் இல்லை. இரு பக்கக் கொக்கிகளை அழுத்தி மாட்டினால் போதும்.

பழகுவதற்கு எருக்கஞ்செடியைப் பரிந்துரைக்கிறேன். அதன் இளந்தண்டில் மஞ்சள் நிற அசுவினிகள் கூட்டமாக ஒட்டியிருக்கும். இடம்விட்டு அதிகம் நகரா. வெறுங்கண்ணுக்கு மஞ்சள் பொடி போலத் தெரியும் அந்தக் கூட்டத்தை 2 மடங்கில் பார்த்தால், ஒவ்வொன்றின் பின்புறத்திலும் இரண்டு கருங்குழாய்கள் நீட்டிக்கொண்டிருப்பதும், தாய் உயிருள்ள குட்டியை ஈன்றுகொண்டிருப்பதும் தெளிவாகத் தெரியும். இலையின் அடிப்பக்கத்தை மெல்லத் திருப்பினால் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி இட்ட முட்டை தனித்து இருக்கக்கூடும். அது வெண்ணிறக் கூம்பு. உச்சியிலிருந்து அடிவரை நேர்த்தியான வரிகள் இறங்கும். பொரியும் நேரம் நெருங்கும்போது புழுவின் கருந்தலை ஓட்டின் ஊடே தெரியும்.

இந்த அளவு உருப்பெருக்கத்தில் ஆட்டோஃபோகஸை நம்புவதில் பயனில்லை. ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி, முடிவிலியில் நிறுத்திவிட்டு, கேமராவோடு உடலை முன்னும் பின்னுமாக நூலளவு நகர்த்திக் கண் தெளியும் கணத்தில் ஷட்டரை அழுத்த வேண்டும். 2 மடங்கில், எஃப் 11 அபெர்ச்சரில், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 0.1 மி.மீ.; ஒரு காகிதத்தாளின் தடிமன் அவ்வளவுதான். ஆகவே எதைத் தெளிவாகக் காட்டப்போகிறோம் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து, பூச்சியின் உடல் லென்ஸுக்கு இணையாக அமையும் கோணத்தைத் தேடிச் செல்ல வேண்டும். செடியின் தண்டை இடக்கையால் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸைத் தாங்கிக்கொண்டால், காற்றில் தண்டு ஆடும்போது லென்ஸும் சேர்ந்தே ஆடும். முக்காலியைவிட இது நடைமுறையில் கைகொடுக்கிறது.

ஒளியைப் பற்றிக் கடைக்காரர் சொல்லமாட்டார். ஆனால் லென்ஸுக்கு இணையாகச் செலவிட வேண்டிய கவனம் அதற்குத்தான். எஃப் 11-இல் இயற்கை ஒளி போதாது, ஃப்ளாஷ் தேவை. ஷட்டர் வேகம் 1/200 நொடி, ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 200 என வைத்தால் படத்தைப் பதிவுசெய்வது பெரும்பாலும் ஃப்ளாஷின் மிகக் குறுகிய வெளிச்சமே. அதனால் கைநடுக்கம் படத்தில் ஏறாது. வெறும் ஃப்ளாஷ் பொறிவண்டின் ஓட்டில் கூசும் வெள்ளைப் புள்ளியாக விழும். மின்னணுப் பொருள்களைச் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை நுரைத்தாளை வளைத்து, லென்ஸின் முன்விளிம்பு வரை நீளுமாறு கட்டினால் அந்தப் புள்ளி பரந்து மென்மையாகிவிடும். பின்னணி கறுப்பாவதை விரும்பாதவர்கள் பூச்சிக்குப் பின்னால் ஓர் இலை இருக்கும்படி கோணத்தை மாற்றிக்கொள்ளலாம்.

குறைகளும் உண்டு. கவ்விப் பிடிக்கும் வளையம் பிளாஸ்டிக். புதருக்குள் நுழையும்போது கொக்கியில் கிளை பட்டால் கழன்றுவிடலாம். ரேனாக்ஸ் லென்ஸின் திருகுமரை 43 மி.மீ. என்பதால் அதற்கேற்ற உலோக வளையத்தை வாங்கித் திருகிக்கொள்வது பாதுகாப்பு. ஜூமின் அகலக் கோணத்தில் படத்தின் மூலைகள் இருண்டு வட்டமாகத் தெரியும். 18-55 லென்ஸ் மட்டும் வைத்திருப்பவருக்கு இது பொருந்தாது, 55 மி.மீ.-இல்கூட உருப்பெருக்கம் அரை மடங்கை எட்டாது. மாட்டியிருக்கும்வரை தூரத்தில் உள்ள எதையும் படம் எடுக்கவும் முடியாது.

பகலில் தும்பியையும் பட்டாம்பூச்சியையும் 12 செ.மீ. நெருங்குவது கடினம், அவையே உங்கள் விருப்பம் என்றால் இதே நிறுவனத்தின் 4.8 டயாப்டர் டி.சி.ஆர்.-150-ஐ வாங்குங்கள், தூரம் ஏறத்தாழ 20 செ.மீ. ஆகும். 250-ஐ வைத்திருப்பவர்கள் விடியற்காலையில் செல்லலாம்; உடல் சூடேறும் முன் பூச்சிகள் அசையாமல் இருக்கும். அந்தி சாயும் வேளையில் நீலப்பட்டைத் தேனீயின் ஆண்கள் காய்ந்த குச்சியைத் தாடையால் கடித்துப் பிடித்தபடி உறங்குவதும் நல்ல வாய்ப்பு. அசையாத பூச்சி வேண்டும் என்பதற்காகக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுக்கும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். பொறுமையாகக் காத்திருந்தால் அதற்குத் தேவையே வராது.

வாங்கும் முன் உங்கள் ஜூம் லென்ஸின் மூடியின் உட்புறத்தில் பொறித்துள்ள ஃபில்டர் அளவைப் பாருங்கள். 52 முதல் 67 மி.மீ. வரை இருந்தால் உடன் வரும் வளையமே போதும்.