காசு கொடுத்து வாங்கிய எருக்கு

எதிர்வீட்டுப் பெண் நேற்றுக் கேட்டாள்: "அக்கா, உங்க கொல்லையில பிங்க் கலர்ல உயரமா நிக்குதே, அதை நாங்களும் வைக்கலாமா?" கேட்ட நேரம் சரியில்லை. அப்போதுதான் செடியில் மொய்த்த அசுவினிப் பூச்சியை நசுக்கிவிட்டுக் கை கழுவ வந்திருந்தேன்.

செடி, ஸ்வாம்ப் மில்க்வீட். நாங்கள் இருக்கும் நியூ ஜெர்சி மண்ணுக்குச் சொந்தம். சதுப்பும் ஓடைக்கரையும் அதற்குப் பிறந்த வீடு. எங்கள் கொல்லையில் கூரைத் தண்ணீர் வந்து விழும் மூலை ஒன்று உண்டு. களிமண். ஒரு மழைக்கு மூன்று நாள் சொதசொதவென்று கிடக்கும். லாவெண்டர் அழுகியது, ரோஜா அழுகியது. 2019-ல் இதில் இரண்டு தொட்டி வாங்கி வைத்தேன். இப்போது நாலரை அடி. ஜூலையில் பூக்கும்போது கிட்டத்தில் போனால் லேசாக வெனிலா வாசம். மான் வாய் வைப்பதில்லை. எங்கள் ஊரில் ஒரு செடிக்கு இதைவிடப் பெரிய தகுதி கிடையாது.

ஊரிலிருந்து வந்த அம்மா ஓர் இலையைக் கிள்ளினாள். பால் வடிந்தது. பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எருக்குடி இது! ரோட்டோரம் சும்மா கிடக்கிறதைக் காசு கொடுத்தா வாங்கினே?" தப்பில்லை, இரண்டும் ஒரே குடும்பம்தான்.

குடும்பம் ஒன்று என்றால் பீடையும் ஒன்று. ஊரில் எருக்கிலும் அரளியிலும் மொய்க்குமே, மஞ்சள் உடம்பும் கறுப்புக் காலுமாக ஓர் அசுவினி, அதேதான் இங்கேயும். எல்லாம் பெண். ஆணே வேண்டாம், முட்டைகூட இடாமல் குட்டியாகவே போட்டுத் தள்ளும். ஆகஸ்டில் ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தால் தண்டே தெரியாது.

"வேப்பெண்ணெய் அடியேன்" என்று சொல்லாத ஆள் இல்லை. அடித்தால் அதே இலையில் இருக்கும் மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுவும் போய்விடும். அதற்கு மில்க்வீட் இலையைத் தவிர வேறு சாப்பாடு கிடையாது. அதற்காகத்தானே செடியே! ஆகவே கைதான். இலைக்கு அடியில் குண்டூசித் தலையளவு மோனார்க் முட்டை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் தண்டை இரு விரலுக்கு நடுவே பிடித்து, கீழிருந்து மேலே ஒரு உருவு. விரல் மஞ்சள் அரைத்தது மாதிரி ஆகிவிடும். ஆறு வருஷமாக இதே பிழைப்பு.

ஒன்று சொல்லியாக வேண்டும்: அசுவினியால் செடி ஒரு தடவைகூடச் சாகவில்லை. நான்தான் கொல்லப் பார்த்தேன். மே பிறக்கும் வரை தலை காட்டாது என்பது தெரியாமல், இரண்டாம் வருஷம் செத்துவிட்டதென்று மண்வெட்டியை இறக்கினேன். பாதி வேரோடு முளைத்து வந்தது.

போன செப்டம்பரில் வேலியில் மோனார்க்கின் பச்சைக் கூடு ஒன்று, விளிம்பில் பொன் புள்ளிகள். ஒருநாள் காலை அது கண்ணாடியாகி உள்ளே ஆரஞ்சு இறகு தெரிந்தது. ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு வேலியோரம் உட்கார்ந்திருந்தேன். யார் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை தெரியாது. மெக்சிகோ வரை பறக்கப் போகிற தலைமுறை அது.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் "வேண்டவே வேண்டாம்" என்றுதான் சொன்னேன். அக்டோபரில் காய் வெடிக்கும் முன் ஒரு கவர் விதை எடுத்து வைக்கிறேன் என்றும் சொல்லித் தொலைத்துவிட்டேன். குளிர் பட்டால்தான் ஒழுங்காக முளைக்கும். மார்ச் வரை என் ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும்.