நியோகலர் 2: வாட்டர்கலர் என்று நினைத்து வாங்காதீர்கள்

நியோகலர் 2 என்பது தண்ணீரில் கரையும் மெழுகு கிரேயான்; கார்ட்டூன் வரைய அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போம். பெட்டி மேல் இருக்கும் காரன் டாஷ் என்ற நிறுவனப் பெயர் ஒரு கார்ட்டூனிஸ்டுடையது. 1858இல் மாஸ்கோவில் பிறந்து பாரிஸில் வரைந்த எம்மானுவேல் புவாரேயின் புனைபெயர் அது. ரஷ்ய மொழியில் ‘கரன்தாஷ்’ என்றால் பென்சில். ஜெனீவாவில் 1915இல் தொடங்கிய பென்சில் தொழிற்சாலை, 1924இல் கைமாறியபோது இந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். 1952இல் வந்த நியோகலர் 1 தண்ணீரில் கரையாது. 1972இல் வந்த நியோகலர் 2 கரையும். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

நியோகலர் 2இன் பலம் கோடு. உலர்ந்த தாளில் அழுத்திப் போட்டு, ஈரப் பிரஷ்ஷை ஒரு பக்கம் மட்டும் இழுத்தால், கோடு பாதி நிற்கும், மீதி நிழலாகப் பரவும். கன்னத்துக்கும் உடையின் மடிப்புக்கும் இது ஒன்றே போதும். நிறமி அடர்த்தி அதிகம் என்பதால் நாலைந்து கீறலிலேயே உள்ளங்கை அளவு வாஷ் (தண்ணீரில் பரவிய மெல்லிய நிறப் பூச்சு) வந்துவிடும். பிரஷ்ஷைப் பிழிந்துவிட்டுத் தொடுங்கள்; சொட்டச் சொட்ட வைத்தால் கோடு மொத்தமும் போய்விடும். தாள் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை இருக்கட்டும். 160 கிராம் தாள் நெளியும்.

சிக்கல் வருவது மை போடும்போது. மெழுகின் மேல் லைனர் (மெல்லிய முனை மைப் பேனா) ஓட்டினால் முனை அடைத்துக்கொண்டு கோடு விட்டுவிட்டு விழும். எனவே முதலில் வாட்டர்ப்ரூஃப் மை, அது நன்றாகக் காய்ந்த பிறகு கிரேயான். அப்போதும் மஞ்சளோ வெள்ளையோ மைக்கோட்டின் மேல் ஏறினால் கறுப்பு சாம்பல் பூத்துப்போகும். ஈரப் பிரஷ்ஷால் அந்த இடத்தை மட்டும் துடைத்தெடுக்கலாம். இன்னொன்று: காய்ந்த வாஷ் திரும்பவும் கரையும். மேலே இரண்டாவது வாஷ் இழுத்தால் கீழ் நிறம் கிளம்பிச் சேறாகிவிடும். வெள்ளையாகவே நிற்க வேண்டிய இடத்தில் முதலிலேயே நியோகலர் 1 வெள்ளையை அழுத்திப் பூசினால் வாஷ் அங்கே ஒட்டாது.

முனையைத் தண்ணீரில் நனைத்தும் வரையலாம், கோடு பெயிண்ட் மாதிரி கொழகொழவென்று விழும். ஆனால் ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் முனை குழைந்து பக்கத்து நிறத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலில் பாழாவது மஞ்சள்தான். ஷார்ப்னர் மெழுகால் அடைத்துக்கொள்ளும், கத்தியால் சீவுவது நல்லது. சீவலை எறிய வேண்டாம். தட்டில் போட்டுத் தண்ணீர் விட்டால் அதுவும் வண்ணம்தான்.

கண், பல் போன்ற பொடி வேலைக்கு இதன் முனை தடிமன். அதற்கு அதே நிறுவனத்தின் சூப்ராகலர் பென்சில் இருக்கிறது. நிற எண்கள் இரண்டுக்கும் பொது, கறுப்பு இதிலும் 009, அதிலும் 009.

ஸ்கேன் செய்யும் முன் மெழுகுத் துகளை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் தீற்றிவிடும். ஒரிஜினலைச் சுவரில் மாட்டுவதாக இருந்தால் நிற அட்டவணையில் நட்சத்திரங்களைப் பார்த்து எடுங்கள். மூன்று இருந்தால் வெளிச்சத்தை நன்றாகத் தாங்கும். அச்சுக்கு மட்டும் போகிற படத்துக்கு இந்தக் கவலை வேண்டாம்.

84 நிறப் பெட்டி கண்ணுக்கு விருந்து, கார்ட்டூனுக்கு வீண். 10 நிறப் பெட்டி எடுங்கள். தனித்தனிக் குச்சியும் கிடைக்கிறது, சீக்கிரம் தீருவது கறுப்பு. அதில் இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள்.